வலைப்பின்னலின் வரலாறு – 19: கம்பியில் ஓடுவதைக் கண்டவர்கள்

சென்ற அத்தியாயத்தை 1986 அக்டோபரில் நிறுத்தியிருந்தோம். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் மலைச்சரிவில் இருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் அதன் அடிவாரத்தில். இரண்டுக்கும் நடுவே 400 கஜம்தான் தூரம், வழியில் இரண்டே தாவல்கள். அந்தச் சின்னத் தொலைவில் விநாடிக்கு 32,000 பிட் வேகத்தில் போய்க்கொண்டிருந்த தரவு, திடீரென்று விநாடிக்கு 40 பிட் என்ற அளவுக்குப் படுத்துவிட்டது. 80 எழுத்து கொண்ட ஒரே ஒரு வரி போய்ச் சேர 16 விநாடி ஆகும் வேகம் அது. இணையத்தின் முதல் பெருநெரிசல் என்று வரலாறு இதைப் பதிவு செய்திருக்கிறது.

ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சனும் பல்கலைக்கழகத்தில் பிஎஸ்டி யூனிக்ஸைப் பராமரித்துவந்த மைக் கேரல்ஸும் இதன் காரணத்தைத் தேடி இறங்கினார்கள். 1988இல் ஜேக்கப்சன் வெளியிட்ட கட்டுரையும், அதில் சொன்ன மருந்தும் இன்று ஒவ்வொரு கணினியின் டிசிபி நிரலிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. அந்த மருந்தைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. இந்த அத்தியாயம் அவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்திய கண்ணைப் பற்றியது. என் கணக்கில் அந்தக் கண்ணும் மருந்துக்கு இணையான சாதனைதான். அதைச் செய்தவர்களுக்கு உரிய புகழ் இன்னும் சேரவில்லை.

டிசிபியில் எங்கே கோளாறு என்பதை நிரலைப் படித்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. எந்த பாக்கெட் எந்த நொடியில் கிளம்பியது, அதற்கான ஒப்புகை எப்போது திரும்பியது, பொறுமை இழந்த கணினி எதை இரண்டாம் முறை அனுப்பியது, முதலில் அனுப்பியது உண்மையிலேயே தொலைந்ததா அல்லது தாமதமாக வந்துகொண்டிருந்ததா? இதெல்லாம் கம்பியில் ஓடும்போதுதான் தெரியும். ஜேக்கப்சனின் கட்டுரையில் உள்ள படங்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: கிடைக்கோட்டில் நேரம், செங்குத்துக் கோட்டில் பாக்கெட்டின் வரிசை எண். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு புள்ளி. ஒரே பாக்கெட் திரும்பத் திரும்பப் போவது அந்தப் புள்ளிகளில் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது.

கம்பியில் ஓடுவதைப் பார்ப்பது அந்தக் காலத்தில் கொள்கையளவில் எளிது. 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பிறந்த ஈதர்நெட், எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. தெருவில் நின்று ஒருவர் ஒரு வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். பெயருக்கு உரியவர் மட்டும் எட்டிப் பார்ப்பார். ஈதர்நெட் அட்டையும் அப்படித்தான், தன் முகவரி இல்லாத பாக்கெட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆனால் அதை ‘ப்ராமிஸ்குவஸ்’ நிலைக்கு மாற்றிவிட்டால் யாருக்குப் போகிறது என்று பாராமல் எல்லாவற்றையும் உள்ளே எடுக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அட்டை எடுக்கும் பாக்கெட் முதலில் வந்து சேர்வது கெர்னலின் நினைவகத்தில். பார்க்க விரும்பும் நிரலோ கெர்னலுக்கு வெளியே, பயனர் பக்கத்தில் இருக்கிறது. கம்பியில் ஓடும் ஒவ்வொரு பாக்கெட்டையும் அந்த எல்லையைத் தாண்டி நகலெடுத்துக் கொடுப்பது அன்றைய இயந்திரங்களால் தாங்க முடியாத சுமை. நகலெடுத்துக் கொண்டிருக்கும்போதே அடுத்த பாக்கெட் வந்துவிடும், இடமில்லாமல் அது தவறிப்போகும். நெரிசலை ஆராயப் போனவருக்கு, பாக்கெட் வலையில் தொலைந்ததா தன் கருவியில் தொலைந்ததா என்றே தெரியாமல் போகும்.

இதற்கு ஒரு விடை 1980லேயே கிடைத்திருந்தது. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் மைக் அசெட்டாவும் ரிக் ரஷீதும் ‘ஈநெட்’ என்ற பாக்கெட் வடிகட்டியை எழுதினார்கள். ரஷீத், பின்னாளில் மாக் கெர்னலுக்காகப் பெயர் பெற்றவர். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைத் தொடங்கியவரும் அவரே. ஈநெட்டின் யோசனை இது: எனக்கு எந்த மாதிரி பாக்கெட் வேண்டும் என்பதை, பயனர் நிரல் ஒரு சிறு கட்டளைப் பட்டியலாக எழுதிக் கெர்னலிடம் கொடுத்துவிட வேண்டும். கெர்னல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்தப் பட்டியலை ஓட்டிப் பார்க்கும். தேறினால் மேலே அனுப்பும், தேறாவிட்டால் அங்கேயே விட்டுவிடும். ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜெஃப் மோகுல் 1983இல் இதை பிஎஸ்டி யூனிக்ஸுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். 1987இல் மூவரும் சேர்ந்து இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தகுந்தது.

அவர்களுடைய நோக்கம் வேவு பார்ப்பதல்ல. புதிய நெறிமுறைகளைக் கெர்னலில் கை வைக்காமல் சாதாரண நிரலாகவே எழுதிச் சோதிக்க வேண்டும் என்பதுதான். வலையை நோக்குவதற்கு அது பயன்பட்டது கூடுதல் வரவு.

சன் நிறுவனத்தின் கணினிகள் அப்போது ஆய்வகங்களை நிறைத்திருந்தன. அவற்றில் ‘நிட்’ என்ற கெர்னல் வசதியும், அதன் மேல் ஓடும் ‘ஈதர்ஃபைண்ட்’ என்ற நிரலும் இருந்தன. ஜேக்கப்சன் கையில் எடுத்தது ஈதர்ஃபைண்டைத்தான். டிசிபியையும் இணைய நுழைவாயில்களின் செயல்திறனையும் ஆராய்ந்து மேம்படுத்தும் திட்டத்தின் ஒரு பகுதியாக, அதன் சில பாகங்களை எடுத்துக்கொண்டு தனக்கு வேண்டியபடி ஒரு கருவியை உருவாக்கினார். 1988இல் பிறந்த அந்தக் கருவிதான் டிசிபிடம்ப். அதன் ஆசிரியர்களாகக் கையேட்டில் மூன்று பெயர்கள் உள்ளன: வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கேன்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஈதர்ஃபைண்டிலிருந்து எடுத்த பகுதிகள் சன் நிறுவனத்தின் சொத்து. அவை உள்ளே இருக்கும்வரை டிசிபிடம்பை வெளியே யாருக்கும் கொடுக்க முடியாது. ஆய்வகத்துக்குள் பூட்டி வைத்துத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். இளைஞரான மெக்கேன் அந்தப் பகுதிகளைப் புதிதாக எழுதினார். எப்படி? ஈதர்ஃபைண்டின் மூல நிரலையும் பார்க்கவில்லை, அதுவரை இருந்த டிசிபிடம்பின் மூல நிரலையும் பார்க்கவில்லை. கையேட்டுப் பக்கத்தில் ‘இந்த நிரல் இதைச் செய்யும்’ என்று எழுதியிருந்த விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினார். பிறர் உடைமையின் சுவடுகூட இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இப்படிச் செய்தோம் என்று, டிசிபிடம்போடு வரும் அறிமுகக் கோப்பிலேயே பதிந்து வைத்திருக்கிறார்கள்.

இந்த முடிவின் பலன் உடனே தெரியவில்லை. பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கருவி கைக்கு வந்த பிறகும் அடித்தளம் பலவீனமாகத்தான் இருந்தது. நிட், பாக்கெட்டை முதலில் நகலெடுத்துவிட்டு அதற்கப்புறம்தான் வடிகட்டும். வேண்டாத பாக்கெட்டுக்கும் நகல் செலவு உண்டு. ஈநெட் வழிவந்த வடிகட்டியிலோ வேறு குறை. அது பிடிபி-11 காலத்து மனப்போக்கில், அடுக்கின் மேல் எண்களை வைத்து எடுத்துக் கணக்குப் போடும் கற்பனை இயந்திரமாக அமைந்திருந்தது. 1990 வாக்கில் வந்த ரிஸ்க் செயலிகளில் பதிவேடுகள் மிக வேகமானவை, நினைவகம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காதது. அடுக்கை நினைவகத்தில் வைத்துப் பாவனை செய்தால் ஒவ்வொரு கட்டளைக்கும் நினைவகத்தைத் தொட்டாக வேண்டும். மேலும் ஐபி தலைப்பின் நீளம் நிலையானதல்ல. 20 பைட்டிலிருந்து 60 பைட் வரை மாறும். டிசிபியின் போர்ட் எண் எங்கே இருக்கிறது என்பது அந்த நீளத்தைப் பொறுத்தது. பழைய வடிகட்டியால் அதைக் கணக்கிட்டுப் போய்ப் பார்க்க முடியவில்லை.

மெக்கேனும் ஜேக்கப்சனும் இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு கற்பனை இயந்திரத்தை வரைந்தார்கள். 1993 ஜனவரியில் சான் டியேகோவில் நடந்த யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அது வெளியானது: பிஎஸ்டி பாக்கெட் வடிகட்டி, சுருக்கமாக பிபிஎஃப். அதில் இருப்பது ஒரு கணக்குப் பதிவேடு, ஒரு சுட்டுப் பதிவேடு, துண்டுக் குறிப்பு எழுதிக்கொள்ளக் கொஞ்சம் இடம், அவ்வளவே. இரண்டு பதிவேடுகளும் உண்மையான செயலியின் பதிவேடுகளிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

ஐபி பாக்கெட் மட்டும் வேண்டும் என்று டிசிபிடம்பிடம் சொன்னால் அது நான்கே கட்டளைகளாக மாறுகிறது. பாக்கெட்டின் 12ஆவது பைட்டிலிருந்து இரண்டு பைட்டை எடு. அது 2048ஆ என்று பார். ஆமென்றால் இத்தனை பைட்டைக் கொடு. இல்லையென்றால் சுழியம், அதாவது வேண்டாம். போர்ட் எண்ணைத் தேடும்போது, 14ஆவது பைட்டின் கீழ்ப்பாதியை எடுத்து 4ஆல் பெருக்கிச் சுட்டுப் பதிவேட்டில் வை என்று ஒரே கட்டளை. ஐபி தலைப்பின் நீளத்தைக் கணக்கிடுவதற்கென்றே வைத்த கட்டளை அது. பொதுவான இயந்திரம் ஒன்றில் இப்படி ஒரு தனிச் சலுகையைச் செருகுவதைத் தூய்மைவாதிகள் ஏற்க மாட்டார்கள். செய்ய வேண்டிய வேலையைத் தெரிந்தவர்கள் எழுதியது என்பதற்கு எனக்கு அதுவே சான்று.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்தார்கள். கட்டளைகளில் முன்னோக்கித் தாவலாம், பின்னோக்கித் தாவ முடியாது. ஆகவே சுழல் வராது. எந்த வடிகட்டியானாலும் குறிப்பிட்ட அளவுக்குள் முடிந்தே தீரும். பயனர் கொடுத்த நிரலைக் கெர்னல் தன் உள்ளேயே ஓட்டுவது ஆபத்தான காரியம். அதைச் சரிபார்த்து ஏற்பதற்கு இந்த ஒரு விதி பெரும்பகுதி வேலையைச் செய்துவிட்டது.

வேண்டாத பாக்கெட்டுக்குச் செலவு செய்யாதே என்பதுதான் பிபிஎஃப்பின் அடிப்படை. அட்டை பாக்கெட்டை எந்த இடத்தில் கொண்டுவந்து வைத்ததோ அதே இடத்தில் வைத்து வடிகட்டும். தேறியது மட்டுமே நகலாகும். அதிலும் கேட்ட அளவு மட்டும். டிசிபிடம்ப் நெடுங்காலம் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 68 பைட்டைத்தான் எடுத்துவந்தது. தலைப்புகளைப் பார்க்க அது போதும். நகலானவை ஒரு தொட்டியில் சேரும். அது நிறைந்ததும் மொத்தமாக நிரலிடம் போகும், அதற்குள் மாற்றுத் தொட்டி நிரம்பத் தொடங்கியிருக்கும். புதிய வடிகட்டி பழையதைவிட 20 மடங்கு வரை வேகமானது, ஒட்டுமொத்தத்தில் அதே கணினியில் சன்னின் நிட்டைவிட 100 மடங்கு வரை வேகமானது என்று கட்டுரையின் சுருக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்.

பயனர் இந்தக் கட்டளைகளைக் கையால் எழுத வேண்டியதில்லை. இந்தக் கணினிக்குப் போவதும் வருவதும், அதில் இந்தப் போர்ட் மட்டும் என்று சாதாரணச் சொற்களில் எழுதினால் டிசிபிடம்ப் அதைக் கட்டளைகளாக மாற்றும். மாற்றுவதோடு நிற்காமல், ஒரே இடத்தை இரண்டு முறை படிக்கும் தேவையற்ற வேலைகளையும் கண்டு நீக்கும். ஒரு முழுமையான கம்பைலர் உள்ளே இருக்கிறது. மொழி எளிமையாக இருந்ததால்தான் கருவி ஆய்வகத்தைத் தாண்டிக் கணினி அறைகளுக்குள் போனது என்பது என் எண்ணம்.

1994இல் பாக்கெட் பிடிக்கும் பகுதியைத் தனியே பிரித்து லிப்பீகேப் என்ற நூலகமாக வெளியிட்டார்கள். பிஎஸ்டியில் பிபிஎஃப், சன்னில் நிட், மற்ற யூனிக்ஸ்களில் வேறு வேறு வழிகள், லினக்ஸில் இன்னொரு வழி. இந்த வேறுபாடுகளை எல்லாம் லிப்பீகேப் தனக்குள் வாங்கிக்கொண்டது. மேலே எழுதுபவருக்கு ஒரே முகம். அதோடு வந்த கோப்பு வடிவமும் நிலைத்துவிட்டது. கோப்பின் தொடக்கத்தில் ஏ1பி2சி3டி4 என்ற பதினாறடிமான எண் இருக்கும். படிக்கும் கணினிக்கு அது டி4சி3பி2ஏ1 என்று தலைகீழாகத் தெரிந்தால், பைட் வரிசை மாறான இயந்திரத்தில் பிடித்த கோப்பு என்று புரிந்துகொண்டு திருப்பிப் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 16 பைட்: விநாடி, மைக்ரோவிநாடி, பிடித்த நீளம், உண்மையான நீளம். அன்று பிடித்து வைத்த கோப்பு ஒன்று கிடைத்தால் இன்றைய கருவியில் திறந்து பார்க்கலாம்.

அதே ஆண்டு முத்திரையோடு ரிச்சர்ட் ஸ்டீவன்ஸின் டிசிபி/ஐபி நூலின் முதல் தொகுதி வந்தது. நெறிமுறையை வரையறையாகச் சொல்லிவிட்டுப் போகாமல், பக்கத்துக்குப் பக்கம் டிசிபிடம்பின் வெளியீட்டைப் போட்டு, இந்த வரியில் இது நடக்கிறது பாருங்கள் என்று விளக்கினார் அவர். ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் வலையைக் கற்றது அப்படித்தான். பாடநூலுக்கு இதைவிட நேர்மையான முறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு முகமும் தெரிந்தது. இணையம் முழுவதும் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், சன் இயந்திரங்களின் நிட் வசதியைக் கொண்டே டெல்நெட், எஃப்டிபி கடவுச்சொற்களைத் திருடுகிறார்கள் என்று செர்ட் அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. கடவுச்சொல் அப்போது கம்பியில் அப்படியே வெறும் எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதே போன்ற திருட்டு நடக்க, அங்கிருந்த டாட்டு யுலோனென் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். ஒட்டுக்கேட்பதற்கு எதிரான கவசம் பிறந்தது அப்படி. காவலுக்கும் அதே கண்தான் பயன்பட்டது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திலேயே வெர்ன் பாக்ஸன் 1995இல் தொடங்கிய ‘ப்ரோ’, 1998இல் மார்ட்டின் ரோஷ் எழுதிய ‘ஸ்னார்ட்’ ஆகிய இரண்டு ஊடுருவல் கண்காணிப்புக் கருவிகளும் லிப்பீகேப்பின் மேல் எழுந்தவை.

2002 நவம்பரில் நடந்ததை விட்டுவிட முடியாது. டிசிபிடம்பை வெளியிடும் தளத்துக்குள் யாரோ புகுந்து மூல நிரல் தொகுப்பை மாற்றி வைத்துவிட்டார்கள். அதை எடுத்துக் கம்பைல் செய்பவரின் கணினியில் ஒரு பின்கதவு திறக்கும். அது 1963 என்ற போர்ட் வழியே வெளியே இருக்கும் கணினியோடு பேசும். கூடவே லிப்பீகேப்பின் கம்பைலர் பகுதியிலும் கை வைத்திருந்தார்கள்: 1963 போர்ட்டில் ஓடும் பாக்கெட்டை மட்டும் காட்டாதே என்று. கம்பியைப் பார்ப்பதற்கென்று ஒருவர் நம்பிக்கையோடு நிறுவிய கருவி, திருடன் போகும் வழியை மட்டும் மறைக்கும்படி ஆக்கப்பட்டது. ஹூஸ்டன் லினக்ஸ் பயனர் குழுவினர் இதைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள்; நவம்பர் 13 அன்று செர்ட் எச்சரிக்கை வந்தது. மூல நிரல் திறந்திருந்ததால்தான் மாற்றம் எந்த வரியில் என்று காட்ட முடிந்தது. இறக்கிய கோப்பின் செக்சம்மைச் சரிபார்ப்பது ஏன் அவசியம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

இப்போது, பின்னால் வருகிறேன் என்று சொன்ன இடத்துக்கு வருவோம். பிபிஎஃப்பின் கட்டளை வடிவத்தை லினக்ஸ் கெர்னலும் 1997இல் ஏற்றுக்கொண்டது. 2003 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் எஸ்சிஓ நிறுவனம், தன் யூனிக்ஸ் நிரலை லினக்ஸ்காரர்கள் திருடிவிட்டார்கள் என்று நிரூபிக்கத் திரையில் சில துண்டுகளைக் காட்டியது. அவற்றில் ஒன்று பிபிஎஃப். அது பெர்க்லியில் பிறந்தது, எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட உரிமத்தோடு வந்தது என்று புரூஸ் பெரன்ஸ் உடனே எடுத்துக்காட்டினார். எங்கிருந்து வந்தது, யார் எழுதியது, எந்த உரிமத்தில் வந்தது என்று ஆரம்பத்திலிருந்தே தெளிவாகப் பதிந்து வைத்திருந்ததால் அந்த வாதம் நிற்கவில்லை. பிறர் நிரலைப் பார்க்காமல் கையேட்டை மட்டும் வைத்து எழுதிய அந்த ஆய்வகத்தின் ஒழுக்கம், 15 ஆண்டு கழித்து எவ்வளவு பெரிய காப்பு என்பது அப்போது புரிந்தது.

2012இல் லினக்ஸில் அதே சிறிய இயந்திரம், ஒரு நிரல் எந்தக் கெர்னல் அழைப்புகளைச் செய்யலாம் என்று முடிவெடுக்கும் காவலாகவும் ஆனது. 2014இல் அலெக்ஸெய் ஸ்டாரோவோய்டோவ் அதை விரித்து ஈபிபிஎஃப் ஆக்கினார். அது தனி அத்தியாயத்துக்குரிய கதை.

லினக்ஸோ மேக்கோ வைத்திருக்கும் வாசகர்கள் ஒன்று செய்து பார்க்க வேண்டும். டிசிபிடம்பை ‘மைனஸ் டி’ என்ற சிறிய எழுத்து விருப்பத்தோடு, ஐபி என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்து ஓட்டுங்கள். அது எதையும் பிடிக்காது. மேலே சொன்ன நான்கு கட்டளைகளை அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். பிறகு போர்ட் 80 என்று கொடுத்துப் பட்டியல் எப்படி நீள்கிறது என்று பாருங்கள். உண்மையான பாக்கெட்டைப் பிடிக்கப் போகும்போது உங்கள் சொந்த இணைப்பில் மட்டும், அல்லது பொறுப்பில் இருப்பவரின் அனுமதியோடு மட்டும் செய்யுங்கள். அடுத்த அத்தியாயத்தில் கான்சாஸ் நகரத்துக்குப் போகிறோம். அங்கே ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெரால்ட் கூம்ஸ், 1998இல் லிப்பீகேப்பின் மேல் ஒரு சாளரத்தைக் கட்டி அதற்கு ஈத்தரியல் என்று பெயர் வைத்தார். இன்று அதன் பெயர் வயர்ஷார்க்.